கிளெனுக்கு அறுபது தப்படி

லாக்லன் பிரைட் தன் நாயைத் தன் கையாலேயே சுட்டுப் புதைத்துவிட்டு மூன்று நாள் பச்சைத்தண்ணீர் தொடாமல் அழுதான் என்று அந்த மலைப்பக்கம் முழுக்கப் பேச்சு. கேட்டவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான். அந்த நாய் அவனுடையதே இல்லை. அவன் அதைச் சுடவும் இல்லை. அது சாகவும் இல்லை. இரண்டு பள்ளத்தாக்கு தள்ளி, ரோனா மக்கெர்சியின் தகரக்கூரை வீட்டில், அடுப்புக்குப் பக்கத்தில், ஆட்டுரோமம் அடைத்த சாக்குமேல் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

ரோனா பிரைட்டின் பண்ணையில் பத்தொன்பது வருஷம் ஆடு மேய்த்தவள். கிளென் அவள் கைக்குட்டையில் சுருட்டி எடுத்து வந்து வளர்த்த நாய். குரைக்காது, கடிக்காது; தலையைத் தாழ்த்தி ஒரு பார்வை பார்த்தால் முந்நூறு ஆடு நின்ற இடத்தில் நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குதிரை இடறி விழுந்து ரோனாவின் இடுப்பெலும்பு முறிந்தது. நாலு மாதம் ஆஸ்பத்திரி. "வேலைக்கு மட்டும் வச்சுக்குங்க பாஸ்" என்று சொல்லி நாயை விட்டுவிட்டுப் போனாள். அவள் செய்த ஒரே முட்டாள்தனம் அது.

பத்தொன்பது வருஷமாக அவள் சீழ்க்கையைக் கேட்டுக் கேட்டு பிரைட்டுக்கு அது பாடமாகியிருந்தது. இரண்டு நீட்டு, ஒரு வெட்டு: என்னிடம் வா. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மே மாதத்தில், அவள் சீழ்க்கையை அவன் ஊதி, அவள் நாயை ஓட்டி, தார்ன்பர்ன் மேய்ப்பர் சங்கத்து ஆடு ஓட்டும் நாய்ப் போட்டியில் ஜெயித்தான். சங்கத்துக் கூடத்துப் பலகையில் தங்க எழுத்தில் 'எல். பிரைட் – கிளென்' என்று எழுதினார்கள். அதோடு விட்டானா பாவி? அந்தத் தென்கோடிச் சீமையில் ஜூலைதான் நடுக்குளிர்காலம்; இடுப்பளவு பனி விழுந்தது. புதைந்த ஆடுகளுக்கு வழி மிதிக்கப் பதினோரு நாள் அந்த நாயைப் பனியில் ஓட்டினான். நாய்க்கூண்டு பனிக்குள் போய்விட்டது. தோண்டி எடுக்க அவனுக்கு நேரமில்லையாம். பதினோரு இரவும் கிளென் சங்கிலியில், உறைந்த தரையில் கிடந்தது.

ஊன்றுகோலோடு ரோனா திரும்பி வந்தபோது கிளென் வாலை ஆட்டியது, எழுந்திருக்கவில்லை.

"என்ன பாஸ் இது? பின்னங்காலத் தூக்கவே மாட்டேங்குது?"

"மூட்டு போச்சு. நாளைக்குக் காலையில ஒரு குண்டு, கதை முடிஞ்சிரும்."

"என் நாய் இது."

"இத்தனை வருஷம் யாரு கறியத் தின்னுச்சு? பண்ணைக் கறி தின்ன நாய் பண்ணையோடது. நீயும் இனிமே குதிரை ஏறப் போறதில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டக் காலி பண்ணிரு, ரோனா."

அன்று சாயங்காலமே அவள் நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பிரைட் தேடவில்லை. ரெண்டு மாதம் தாங்காது என்று கணக்குப் போட்டிருப்பான். அப்புறம்தான் அந்தச் சுட்டதும் அழுததுமான கதை ஊரில் உலவ ஆரம்பித்தது. அதைக் கேட்ட அன்றைக்கு ரோனாவின் வயிறு எரிந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. "ஊரே கூடியிருக்கிறப்ப உன்ன அவன் பாக்கணும்டா" என்று நாயின் காதைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அதுவரைக்கும் நீ சாகக் கூடாது. நானும் சாக மாட்டேன்."

அந்த நாள் எது என்று மார்ச் மாதம் தெரிந்தது. கால்நடை டாக்டர் மெரியானா, கிளெனுக்கு மாத ஊசி போட வருகிறவள், ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தார்ன்பர்ன் சங்கத்துக்கு இது நூறாவது வருஷம். ஜெயித்த நாய்கள் எல்லாவற்றையும் மே மாதம் மைதானத்தில் பேர் சொல்லி அழைக்கப் போகிறார்கள். அந்தச் சங்கத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. உயிரோடு இருக்கிற நாயை மைதானத்து ஓரத்து வேலிக்கதவில் அவிழ்த்துவிடுவார்கள். அறுபது தப்படி தள்ளி வட்டத்துக்குள் நிற்கும் எஜமான் ஊதுவான். நாய் தன் காலால் நடந்து வரவேண்டும், யாரும் தூக்கக் கூடாது. செத்த நாய்க்கும் ஊதுவார்கள். எல்லாரும் தொப்பியைக் கழற்றுவார்கள். வெறும் மலையைப் பார்த்து ஒரு தடவை ஊதிவிட்டு, வராத நாய்க்காகக் கொஞ்ச நேரம் நிற்பார்கள். ஊதினவன் நாய் வந்து சேரும்வரை, இல்லாவிட்டால் செயலாளர் போகச் சொல்லும்வரை, வட்டத்தை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது.

காகிதத்தில் கடைசி வரி: 'காலஞ்சென்ற கிளென் – ஊதுபவர் எல். பிரைட்.'

"ஆன்ட்டி, சிரிக்கிறீங்களா அழுறீங்களா?" என்றாள் மெரியானா.

"ஒம்பது வாரம் இருக்கு. இவன அறுபது தப்படி நடக்க வையி. அப்புறம் சொல்றேன்."

"இப்போ இருபதுல உக்காந்துக்கிறான்."

"அதான் உன்னக் கேக்கிறேன், டாக்டரம்மா."

மெரியானா ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் எடை. பாவம் பாவம் என்று ஆட்டுக்கொழுப்பைப் போட்டுப் போட்டு ரோனா அவனைப் பீப்பாய் ஆக்கி வைத்திருந்தாள். மூட்டு நோயாளிக்கு ஒவ்வொரு கிலோவும் பாரம். கொழுப்பை நிறுத்து. சாப்பாட்டில், மூட்டுக்கு நல்லதான பச்சை உதட்டு மட்டி என்கிற கடற்சிப்பிப் பொடி ஒரு கரண்டி. மாத்திரை சொன்ன அளவுக்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. வழுக்குகிற தரையில் கம்பளம் விரி, நகத்தை வெட்டு, வண்டியிலிருந்து குதிக்க விடாதே, பலகை வை. ஒரே நீள நடை வேண்டாம். ஐந்து ஐந்து நிமிஷமாக நாலு தடவை நடத்து.

ரோனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் மலைக்காரிகளுக்கு என்று ஒரு மூடநம்பிக்கை உண்டு: விறைத்த நாயை வேலை வாங்கினால் தானாக இளகிவிடும். மூன்றாவது வாரம் கிளென் கொஞ்சம் இளைத்து, வாலைத் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்ததும் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. மேட்டு முகடுவரை கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நாயும் போயிற்று, நாய்க்கு என்ன, அவள் கேட்டால் செத்தாலும் நடக்கும். மறுநாள் அது எழுந்திருக்கவில்லை. மூத்திரமும் படுத்த இடத்திலேயே போயிற்று. அதற்காக வெட்கப்பட்டு அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மெரியானா வந்து இடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்குக் கோபம் வந்து ரோனா பார்த்ததில்லை.

"நீங்க பண்றது வைத்தியமா, வெறியா? பனியில இவன ஓட்டினவனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் ஆன்ட்டி?"

ரோனா குனிந்து நனைந்த சாக்கை உருவினாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் பல்லைப் பெயர்த்திருப்பாள். அன்று ராத்திரி நாயின் பக்கத்தில் தரையிலேயே படுத்தாள், முறிந்து ஒட்டின இடுப்போடு. ஒரு மூட்டுவலிக்காரிக்கு இன்னொரு மூட்டுவலிக்காரனின் முனகல் எதற்கென்று புரியாமல் போகுமா? தெரிந்துதான் ஏற்றியிருக்கிறாள் மலையில். தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு அவள் அவசரப்படவில்லை. பழியை விட்டுவிட்டாள் என்று நினைக்காதீர்கள்; அதைச் சிறுதீயில் வைத்தாள், அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்னால் கிடந்த இரும்புத் தொட்டிக்குக் கீழே விறகு வைத்து, வெதுவெதுப்பானதும் தணலை இழுத்துவிட்டு, கிளெனைத் தண்ணீருக்குள் இறக்கி வயிற்றில் கைகொடுத்து நிற்க வைத்தாள். பாரமில்லாமல் கால்கள் தானாக அசைந்தன. பிறகு துவட்டி, கம்பளிக் கோட்டு போட்டு, கோதுமை நிரப்பிய துணிப்பையை அடுப்பில் சூடேற்றி, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, அதன் இடுப்பில் கட்டினாள். தொடையைத் தேய்த்துவிடும்போது பேசிக்கொண்டே இருப்பாள்.

"இது லாக்லன் பிரைட்டுக்கு" என்று ஒரு தேய்ப்பு. "இதுவும் லாக்லன் பிரைட்டுக்கு" என்று இன்னொன்று. கிளென் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த ஆளைப் பழிக்க உட்கார்ந்த நேரம்தான் அந்த நாய்க்கு நாளிலேயே சுகமான நேரம்.

ஆறாவது வாரம் முப்பது தப்படி. எட்டாவது வாரம், நடுவில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து, அறுபத்திரண்டு.

போட்டியன்று விடியற்காலையில் தரையெல்லாம் வெள்ளை உறைபனி. குளிர் மூட்டுக்கு எமன். ஒன்பதரை மணிக்கு மைதானத்து ஓரத்துப் பைன் மரங்களுக்குப் பின்னால் வண்டியை நிறுத்திப் பலகையைச் சாய்த்தாள். கிளென் எழப் பார்த்தது. முன்கால் நிமிர்ந்தது, பின்கால் வரவில்லை. இன்னொரு தடவை. இல்லை.

ரோனாவின் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் இருந்தது. குதிரைக்குப் போடுகிற வலிப்பொடி. பழைய மேய்ப்பர்கள் எல்லாரும் செய்கிறதுதான்; ஒரு சிட்டிகை போட்டால் நொண்டி நாயும் அன்றைக்கு ஓடும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் நாய்க்கு அதைக் கொடுத்தால் குடல் புண்ணாகி ரத்தமாகப் போகும் என்று மெரியானா இரண்டு தடவை சொல்லியிருந்தாள். ரோனா பொட்டலத்தை எடுத்தாள். அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் பேர் படிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரே ஒரு நாள். இரண்டு வருஷம் கறுவிக் காத்த ஒரே ஒரு நாள். கிளென் அவள் கையை மோந்து பார்த்தது. கொடுப்பதைத் தின்ன வாயைத் திறந்தது, அவள் கொடுத்தால் விஷமானாலும் சரி என்கிற மாதிரி.

"ச்சீ!" என்று பொட்டலத்தைப் பிய்த்துச் சேற்றில் கொட்டி மிதித்தாள். "எழ முடியலன்னா வேணாம்டா. வீட்டுக்குப் போயிருவோம். அவன் கெட்டான் போ." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மெரியானா சமையல் கொட்டகையிலிருந்து இரண்டு கோதுமைப் பைகளைச் சூடாக எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "கடைசிப் பேர்தானே? இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. தேய்ங்க" என்றாள். ரோனா தேய்த்தாள். சூரியன் முகட்டைத் தாண்டி மேலே வந்தது. பத்தரை மணிக்குக் கிளென் தானே எழுந்து நின்று, உடம்பைச் சிலிர்த்து, பக்கத்துச் சக்கரத்தில் மூத்திரம் அடித்தது.

வட்டத்துக்குள் பிரைட் வந்து நின்றான். புதுத் தொப்பி. செயலாளர் ஆர்ச்சி ரன்சிமன் ஒலிவாங்கியைக் கொடுத்தார்.

"என் தோட்டத்து வில்லோ மரத்தடியில படுத்திருக்கான்" என்றான் பிரைட், குரல் தழுதழுக்க. "நான் வளர்த்த நாய்களிலேயே... மன்னிச்சிருங்க... என் கையாலயே அனுப்பி வெச்சேன்."

இருநூறு பேர் தொப்பியைக் கழற்றினார்கள். அவன் மலையைப் பார்த்து ஊதினான். இரண்டு நீட்டு, ஒரு வெட்டு.

கிளெனின் காது விறைத்தது. ரோனா அதன் கம்பளிக் கோட்டை அவிழ்த்தாள், பைகளை எடுத்தாள், வேலிக்கதவைத் திறந்தாள். தள்ளவில்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. நாய் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, தலையைத் தாழ்த்தி, மைதானத்துக்குள் நடந்தது.

முதலில் யாரோ ஒரு பெண்பிள்ளை "ஐயோ" என்றாள். பிறகு எல்லாத் தலைகளும் திரும்பின. நெற்றியில் அந்த வெள்ளைப் பட்டையும் கிழிந்த இடது காதும் அந்த மலையில் யாருக்குத்தான் தெரியாது? பிரைட்டின் முகத்தில் ஈயாடவில்லை.

முப்பத்தி நாலாவது தப்படியில் கிளென் உட்கார்ந்தது.

பிரைட் நாக்கை ஈரப்படுத்திக்கொண்டான். "கஷ்டப்படுது பாவம். யாராச்சும் தூக்கிட்டுப் போங்கப்பா."

"நீ புதைச்ச நாய்தானே லாக்லன்?" என்றார் ரன்சிமன். ஒலிவாங்கியை அணைக்க அவர் மறந்துவிட்டாரா, அணைக்க மனசில்லையா, தெரியாது. "அம்மாடி, வில்லோ மரத்தடியிலேர்ந்து நடந்து வந்திருக்கு. களைப்பு இருக்காதா? நில்லு. நீதான கூப்பிட்ட."

எங்கேயோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். அது கூட்டம் முழுக்கப் பரவி, திரும்ப அடங்கியது. கிளென் எழுந்தது. ஒவ்வொரு காலாக, தானே எண்ணி வைப்பது போல வைத்தது. நாற்பது. ஐம்பது. ஓடுகிற நாயாக இருந்தால் பத்து விநாடியில் முடிந்திருக்கும் அவமானம். இது ஆறு நிமிஷம் போயிற்று. ஆறு நிமிஷமும் அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இருநூறு பேர் நடுவில் நின்றான்.

மூன்று தப்படி இருக்கும்போது கிளெனுக்குப் பிரைட்டின் வாசனை பட்டது. நின்றது. அந்த ஆளை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. பிறகு திரும்பி, கூட்டத்துக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூடவே நொண்டிக்கொண்டு வந்திருந்த ரோனாவிடம் போய், அவள் காலடியில் படுத்துக்கொண்டது.

பிரைட் தொப்பியைத் தலையில் வைத்து நகரப் பார்த்தான்.

"எங்க போற?" என்றார் ரன்சிமன். "நாய் உன்கிட்ட இன்னும் வரலியே. வட்டத்த விட்டுக் கால வெச்சிராத. தொப்பியையும் எடு."

இருநூறு பேரில் ஒருவர்கூட அசையவில்லை. ரோனா ஆற அமரப் புல்லில் உட்கார்ந்தாள். கோட்டைப் போர்த்தினாள், கோதுமைப் பையை இடுப்பில் கட்டினாள், பின்னங்காலை மடியில் எடுத்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"கண்ண மூடிக்கடா" என்றாள், வட்டத்துக்குள் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி. "நல்லா தூங்கி எந்திரி. அவசரமே இல்ல."