வாக்கத்தியை வச்சிட்டுப் போ

மத்தியாஸ் கங்காணியின் வாயில் நல்ல சொல் வந்து எத்தனையோ வருஷம். அன்று காலை பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது வேலுத்தாயைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஏச்சைவிட மோசம்.

"ஏ வேலுத்தாயி, வியட்நாம் எந்தப் பக்கம்டி இருக்கு? தேவாரம் ஊருக்கு அங்கிட்டா, இங்கிட்டா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் பக்கம் இருந்தால் இவனுக்கு என்ன? அங்கே சண்டையில் காட்டின்மேல் விமானத்திலிருந்து விஷமருந்து கொட்டுகிறார்கள் என்று சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டியபோது மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முகத்துக்குக் கட்ட ஒரு துணிகூடக் கொடுக்காமல் ஏலச்செடிக்கு மருந்தடிக்க இதே மத்தியாஸ் அனுப்பித்தான் அவள் புருஷனுக்குக் கண் போனது. செடிக்கு அடித்ததற்கே இப்படி. மனுஷர் தலையிலேயே கொட்டுகிறவனை என்ன செய்வது?

அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு மாசம், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கினாள். சண்டையை நிறுத்தச் சொல்லி இன்றைக்குத்தான் பத்துத் தோட்டத்து ஆட்கள் நெடுங்கண்டம் வரை ஊர்வலம். இந்தத் தோட்டத்து இருநூறு பேர் அவள் பொறுப்பு. யார் கையிலும் கல்லோ கம்போ இருக்கக் கூடாது என்று, கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"போறவ தாராளமாப் போ," என்றான் மத்தியாஸ். "வாக்கத்தியை வச்சிட்டுப் போ."

தோட்டத்துக் கத்தியைத் திருப்பி வைத்தால் வேலை போச்சு. சாயங்காலத்துக்குள் லயத்து அறையையும் காலி செய்ய வேண்டும். களத்தோரம் நிற்கும் கண் தெரியாத மனுஷனைக் கூட்டிக்கொண்டு எங்கே போவாள்?

இடுப்பிலிருந்து கத்தியை உருவினாள். அதை வைக்க வேறு இடம் தேடித்தான் கை பரபரத்தது. ஆனால் வாங்கிய சத்தியம் அவளுக்கும் சேர்த்துத்தானே. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் காலடியில் போட்டாள்.

யாரும் அசையவில்லை. பாவிகளா, ஒரு மாசம் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தினேனே என்று ஒவ்வொரு முகமாக முறைத்தாள்.

அப்போது கைப்பிள்ளைக்காரி இன்பமேரி முன்னால் வந்தாள். "இந்தாரும், என்னுது," என்று போட்டாள். பிறகு நிற்கவேயில்லை. கத்திமேல் கத்தியாக விழ விழ மத்தியாஸ் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டான்.

"எடுங்க தாயி, எடுங்க! ஆளில்லாம காயெல்லாம் பழுத்து வெடிச்சுப்போகும். தொரைக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"வெறுங்கையாத்தான் வரணும்னு சங்கத்துல சொன்னாக. நீரும் அதையேதான் சொன்னீரு," என்றாள் வேலுத்தாய். "நாளைக்குக் குனிஞ்சு, ஒண்ணொண்ணா எடுத்து, எங்க கையில குடுக்கப்போறதும் நீருதான்."

புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் ஏறினாள். வரிசையில் முதல் ஆளாக அவனைத்தான் நிறுத்தினாள்.