வரிசைக்கு ஒரே விலை

என் கணவர் கஜேந்திரனுக்குக் கரப்பானைக் கண்டு பயமில்லை, குளவிக் கூட்டைக் கண்டு பயமில்லை, கூரைக்குள் குட்டி போட்ட எலியைக் கண்டும் பயமில்லை. வேலை முடிந்து வீட்டுக்காரர் "எவ்வளவு?" என்று கேட்டால் மட்டும் மனுஷனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "நீங்க பாத்து குடுங்க" என்பார். அவர்களும் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் ஆயிரம் ரூபாய், இன்னொரு வீட்டில் ஐந்நூறும் ஒரு சீப்பு வாழைப்பழமும்.

கண்டியில் அவர் வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்ட பிறகு, கம்பளையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு, பூச்சிக்கு மருந்தடிக்கும் வேலையைச் சொந்தமாகத் தொடங்கியிருந்தோம். எட்டு மாதமாகியும் வீட்டுச் செலவுக்கே இழுபறி. கத்தாரில் இருக்கும் என் அண்ணன், ஒரு ஸ்டோர்ஸில் வேலை பார்த்து வைத்துவிட்டு, அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தான். இரண்டு வருஷ ஒப்பந்தம். பாஸ்போர்ட் மேசை மேலேயே கிடந்தது. அவர் போவதில் எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

அதனால் விலை சொல்லும் வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன். சின்னக் கடை, சின்ன வீடு என்றால் நாலாயிரத்து ஐந்நூறு. "அஞ்சு நிமிஷ வேலைக்கா?" என்று யாராவது இழுத்தால், "அப்ப அந்த அஞ்சு நிமிஷத்த நீங்களே பாத்துக்கங்க" என்று போனை வைத்துவிடுவேன். பாதிப் பேர் திரும்பக் கூப்பிடுவார்கள். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பில் நோட்டீசில் ஒரு வரியும் சேர்த்தேன்: மூன்று மாதத்துக்குள் பூச்சி திரும்பினால் மறுபடி இலவசமாக வருவோம்.

அந்த வரி எங்களை உட்கார வைத்துவிட்டது. கண்டி வழியிலுள்ள கெலிஓயாவிலிருந்து மட்டும், இலவசமாக மறுபடி வரச் சொல்லி ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். யாருடைய கடை எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. நாள் தவறாமல் இவர் மோட்டார் சைக்கிளில் அங்கே போவார். பெட்ரோலுக்கும் மருந்துக்கும் போக நாலாயிரத்து ஐந்நூற்றில் மிச்சம் என்று எதுவும் இல்லை. நாலாம் தடவை, அங்கே கடை வைத்திருக்கும் றமீலா அக்கா கூப்பிட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய மருந்தில் குறையா, இல்லை அந்தக் கடையில்தான் குறையா என்று பார்க்க நானும் பின்னால் ஏறிப் போனேன்.

றமீலா அக்கா ரோல்ஸும் பெட்டிஸும் பொரித்து விற்கும் விதவை. கடையை இந்தத் தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிடலாம் என்கிற மாதிரி வைத்திருந்தார். குறை சொல்ல வந்த எனக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை. அவர் வெளியே பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருக்க, நான் ஸ்டூலில் ஏறி டோர்ச் அடித்தேன். சுவர் சீலிங் வரைக்கும்தான் இருந்தது. அதற்கு மேலே, அந்த வரிசையிலிருந்த ஐந்து கடைக்கும் சேர்த்து ஒரே இருட்டு, ஒரே பலகைத் தட்டு. வெளிச்சம் பட்டதும் கரப்பான் கூட்டம் அவசரமில்லாமல் பக்கத்துக் கடைப் பக்கம் நடந்து போனது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "பக்கத்துக் கடையிலயும் மருந்தடிச்சீங்களா?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே நின்றார்.

"அஞ்சு கடையிலயுமா?"

"யாருக்கும் சொல்ல வேணாம்னு ஒவ்வொருத்தரும் கேட்டாங்க. சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன் சஞ்சீவனி."

"நான் ஒங்க பொண்டாட்டிங்க!"

"யாருக்கும்னா யாருக்கும்தானே."

ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. ஐந்து கடைக்காரர்களும் ஆளுக்கு ஒரு நாளில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இவரைத் திருடனைப் போல உள்ளே கூப்பிட்டு மருந்தடித்திருக்கிறார்கள். இன்று இந்தக் கடையில் அடித்தால் பூச்சி அந்தக் கடைக்குப் போகும். நாளை அங்கே அடித்தால் இங்கே வரும். சுகாதாரப் பரிசோதகர் காதில் விழுந்துவிடுமோ, வாடிக்கையாளர் போய்விடுவார்களோ என்று எல்லோருக்கும் பயம். ஆனால் அந்தத் தட்டைப் பார்க்காமல் கடைக்குக் கடை விலை வைத்தவள் நான். அவரைத் திட்டி முடித்த பிறகு என்னையும் நன்றாகத் திட்டிக்கொண்டேன்.

மறுநாள் புது விலை போட்டேன். ஐந்து கடையும் சேர்ந்து ஒரே நாளில் செய்தால் கடைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, இலவச உத்தரவாதமும் உண்டு. தனிக் கடை என்றால், பழைய உத்தரவாதத்தைக் காட்டினாலும், அந்த வரிசைக்கு இனி வரவேமாட்டோம். எங்களுக்கு ஒரே பயணம், ஒரே நாள். அவர்களுக்கும் கிட்டத்தட்டப் பாதிக் காசு மிச்சம். இந்த மாதக் கடைசிக்குள் இது சரிவந்தால், இதே மாதிரிக் கடை வரிசைகள் கம்பளையிலிருந்து கண்டி வரைக்கும் கிடக்கின்றன. சரிவராவிட்டால் பாஸ்போர்ட்.

கஜேந்திரன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "யாரு கூப்பிட்டாங்கன்னு நீ வாயத் தொறக்கக் கூடாது."

அப்படியே போனேன். யார் கூப்பிட்டார்கள் என்று சொல்லாமல், தட்டு ஒன்றாக இருப்பதை மட்டும் சொன்னேன். போன் திருத்தும் கடைக்காரர் சிங்களவர். சிரித்துக்கொண்டே தன் கடையில் ஒன்றும் இல்லை என்றார். தையல் கடையில் இல்லை. மருந்துக் கடையில் கேட்டதே பாவம். புத்தகக் கடை முத்துலிங்கம் ஐயா கதிரையை விட்டு எழும்பவேயில்லை. போன வாரம்தான் இலவசமாக வரச் சொல்லி என்னைப் போனில் கூப்பிட்டவர்.

"நம்ம கடையில கொப்பியும் பேனையும்தான் இருக்கு. கரப்பான் வந்து என்னா, பாடம் படிக்கவா?" என்றார். பிறகு, வாசலில் போகிறவர்களுக்கும் கேட்கிற குரலில், "தின்ற சாமான் விக்கிற எடத்துல போய்ப் பாருங்க. ரோல்ஸ் கடையால வர்ற வினைதான் எல்லாம்" என்றார்.

றமீலா அக்கா வாசலில் நின்று யாருக்கோ பெட்டிஸ் சுற்றிக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் பிளேன்டீயோடு நின்றார்கள். எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அவருடைய முகம் சிவந்தது. என்னால்தானே இந்தப் பேச்சு வந்தது. முத்துலிங்கம் ஐயாவின் அழைப்பு என் போனிலேயே இருந்தது. எடுத்துக் காட்டிவிட விரல் துடித்தது. வாக்கை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா பெட்டிஸைக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தார்.

"ஓ, எண்ட கடைல கரப்பான் ஈக்கி" என்றார். குரல் தாழவில்லை. "நாலு தரம் மருந்தடிச்சன். ராவைக்குச் சாமான் எல்லாத்தையும் மூடி வெச்சிட்டுத்தான் பூட்டுறன். அப்பிடியும் மேலால வருது. தின்ன வாற ஆக்கள்ட நான் மறைக்கக் கூடாதுதானே. இந்தாங்க தங்கச்சி, எண்ட பங்கு. மத்தவங்க சேந்தாலும் சரி, சேராட்டியும் சரி."

பிளேன்டீயோடு நின்றவர்களில் ஒருவர் கிளாஸை வைத்துவிட்டுப் போயே போனார். மற்றொருவர், ஆட்டோ ஓட்டுபவர், "எங்க வீட்டுல இல்லாததா அக்கா, இன்னொண்ணு ஊத்துங்க" என்றார். அந்த மனுஷனைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

முதலில் வந்தவர் போன் கடைக்காரர். "எங்கட கடையிலயும் இருக்கு. நான் பொய் சொன்னது" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுக் காசை நீட்டினார். அன்று மாலைக்குள் தையல் கடை, அதன் பிறகு மருந்துக் கடை. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. முத்துலிங்கம் ஐயா, கிசுகிசுத்த குரலில்.

"அந்த ரெண்டாயிரத்து ஐநூற... முந்திக் குடுத்த காசுல கழிக்க ஏலாதா?"

"ஏலாது ஐயா. அதோட, நாளைக்குக் காலையில றமீலா அக்காகிட்ட ஒரு வார்த்த நீங்க பேசணும். அது காசுல சேராது."

"சரிம்மா" என்றார். மறுநாள் அவர் என்ன பேசினாரென்று எனக்குத் தெரியாது. இரண்டு பெட்டிஸ் வாங்கி, கடை வாசலிலேயே நின்று எல்லோரும் பார்க்கத் தின்றாராம். அக்கா சொன்னார்.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று ஐந்து ஷட்டரும் காலையிலேயே திறந்தன. சாமான்களை வெளியே எடுத்து நடைபாதையில் அடுக்கி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடினோம். துணிக்கட்டும் கொப்பிக்கட்டும் மருந்துப் பெட்டியும் ஒன்றாகக் கிடந்தன. கஜேந்திரன் முகமூடி போட்டு, தட்டின் ஒரு முனையில் ஏறி மறு முனையில் இறங்கினார். பூச்சிக்குப் போக வேறு கடை இருக்கவில்லை. அக்கா திகதி போட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி, ரோல்ஸ் வைக்கும் கண்ணாடியில் ஒட்டினார். அந்த வாரம் வியாபாரம் குறைந்துதான் இருந்தது. அடுத்த வாரம் அதைப் படித்துப் பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள் வந்தார்கள். மருந்துக் கடைக்காரரும் தன் சீட்டை ஒட்டினார்.

நான் நாட்களை எண்ணினேன். பத்து, பதினைந்து, இருபது. கெலிஓயாவிலிருந்து போனே வரவில்லை. இருபத்தோராம் நாள், மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, திரையில் றமீலா அக்காவின் பெயர் விழுந்தது. எடுக்கப் பயந்து போனைக் கஜேந்திரனிடம் நீட்டினேன். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, கம்பளையில எண்ட தங்கச்சிட கடை ஈக்கி. அந்த வரிசைல பதினொரு கடை, ஒரே கூரை. எல்லாருக்கும் நான் சொல்லிட்டன். எவ்வளவு எடுப்பீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த 'நீங்க பாத்து குடுங்க' இப்போது வரும், இதோ வரும் என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"கடைக்கு ரெண்டாயிரத்து ஐநூறு அக்கா. பதினொண்ணும் சேரணும். ஒரு கடை கொறஞ்சாலும் வரமாட்டேன்."

"சரி தம்பி. ஞாயித்துக்கிழம வாங்க" என்றார் அக்கா, ஒரு சொல்கூடப் பேரம் பேசாமல்.

போனை வைத்த பிறகும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்த விலையைச் சொன்னது வேறு யாரோ என்பது போல. நான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். பிறகு அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.