ஜித்ராவில் ஒரு படையல்

மலாயாவின் ஆர்ட்மோர் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி முருகையாவுக்கு இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று துரையிடம் பேசுவது, மூக்கிலிருந்து வரும். மற்றது தொழிலாளிகளிடம் பேசுவது. அதுவும் மூக்கிலிருந்துதான் வரும், ஆனால் அப்போது மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும். அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில், முள்வேலி வாசலில் நின்ற லாரியைச் சுற்றிக் கூடியவர்களிடம் அவர் இரண்டாவது குரலில் அறிவித்துக்கொண்டிருந்தார்: இது உல்லாசப் பயணம், ஆகையால் எல்லோரும் உல்லாசமாக இருக்க வேண்டும், தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.

போவது ஜித்ராவுக்கு. பத்து வருஷத்துக்கு முன் ஜப்பான்காரன் சயாம் எல்லையைத் தாண்டி வந்தபோது, அவனை நிறுத்துவதற்காக வெள்ளைக்காரப் பட்டாளம் அங்கே பதுங்குகுழி வெட்டிக் காத்திருந்தது. மழை பெய்து குழிகள் நிரம்பின. பிறகு டாங்கிகள் வந்தன. பட்டாளம் தெற்கு நோக்கி நடந்தது, கொஞ்சம் வேகமாகவே. அந்தப் பட்டாளத்தில் தொண்டர்படை அதிகாரியாக இருந்தவர்தான் இன்றைய மேனேஜர் ஹார்கிரீவ்ஸ் துரை. போர் நடந்த இடத்தைப் பூங்காவாக்கிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. புல்தரை, பெஞ்சு, ஒரு பெயர்ப்பலகை. குடும்பம் குடும்பமாக வந்து வீரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாக்கு ஓட்டம் ஓடி, சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அதற்கு முன்னோட்டமாகத் தன் தோட்டத்து விசுவாசிகளில் ஒரு லாரி அளவை அழைத்துப் போகிறார்.

தோற்ற இடத்துக்கு எதற்கு உல்லாசப் பயணம் என்று யாரும் கேட்கவில்லை. காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம். 'எதற்கு' என்று கேட்டுப் பழகிய சிலரைப் பிடித்துக் கப்பலேற்றியிருந்தார்கள். அவர்கள் இப்போது நாகப்பட்டினத்தில் இறங்கி, பார்த்தேயிராத சொந்த ஊருக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் சோதனை நடந்தது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் ஒரு பிடி அரிசி, ஒரு கவளம் சோறு கூட வேலியைத் தாண்டக் கூடாது. பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண்ணையே வைத்திருந்தார்கள்.

"என்னாத்த தேடுற தங்கச்சி? மடியில மூட்டை அரிசியா கட்டியிருக்கேன்?" என்றாள் அழகம்மா.

"ஒங்க வயித்தப் பாத்தா அப்படித்தான் இருக்கு அக்கா."

"அது நாலு பெத்த வயிறு லா! காட்டுக்காரன் கேட்டா குடுத்துர்றேன், எடுத்துட்டுப் போகட்டும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காவல் கான்ஸ்டபிள் ஒருவன் துப்பாக்கியைத் தோள் மாற்றினான். உடனே சிரிப்பு நின்றது.

அழகம்மாவுக்கு அடுத்து மருதம்மாள் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். மடியில் வெற்றிலையும் ஒரு துண்டுப் புகையிலையும் மட்டும் இருந்தன. குற்றமில்லை, போகலாம் என்றார்கள்.

மருதம்மாளின் புருஷன் பழனியாண்டியை ஜப்பான்காரன் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன் பட்டாள லாரியில் ஏற்றி, ஜித்ராவில் குழி வெட்டக் கொண்டுபோனார்கள். போனவர்களில் ஏழெட்டுப் பேர் திரும்பவில்லை. அவர்களில் அவனும் ஒருவன். பிணமும் வரவில்லை, பிணத்தைப் பார்த்த ஆளும் வரவில்லை. செத்தான் என்று சொல்ல ஒரு நாக்கு இல்லாததால் மருதம்மாள் தாலியைக் கழற்றவில்லை. பொட்டும் மஞ்சளுமாகப் பத்து வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். இப்போது மகள் இராசாத்திக்குத் தை மாதம் கல்யாணம். பெண்ணின் அப்பன் இருக்கிறானா இல்லையா, ஒன்றைச் சொல்லுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டுவிட்டார்கள்.

லாரி குருண் ஊரைத் தாண்டியதும் அவள் மகளின் காதோடு சொன்னாள்: "அங்க போயி ஒங்கப்பாவுக்கு ஒரு வாய் சோறு வச்சுருவோம். வந்து தாலிய எறக்கிட்டு, கருமாதிய முடிச்சுருவோம்."

"சோத்துக்கு எங்கம்மா போறது? வாசல்லயே தடவிட்டானுங்களே."

"அங்க சாப்பாடு போடுறாங்கல்ல. எம் பங்கு இருக்கு."

"மாத்தா-மாத்தா போலீசு பாத்தா?"

"புருஷனுக்குப் பொண்டாட்டி சோறு வைக்கிறதுக்குக் கூடவா சட்டம் போட்டிருக்கான்?"

சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் ஓடின. ஒவ்வொரு வரிசைக்குள்ளும் ஒரு இருட்டு நின்றது.

ஜித்ராவில் இடத்தைப் பார்த்தபோது உல்லாசத்துக்கான ஏற்பாடு பலமாக இருந்தது. ஒரு கவசவண்டி. இரண்டு ஜீப். மரத்துக்கு ஒரு போலீஸ்காரன். சாலையோரம் கொஞ்சம் புல்லைச் செதுக்கி, கயிறு கட்டி, அதற்குள்தான் உலாவ வேண்டும் என்றார்கள். கயிற்றுக்கு அப்பால் லாலாங் புல் இடுப்பளவு நின்றது. அதற்கப்பால் பழைய பள்ளங்கள், பச்சைத் தண்ணீர். அதற்கும் அப்பால் புதர், அப்புறம் காடு. பறவைச் சத்தமே இல்லை. அவ்வளவு பூட்ஸ் மிதித்த இடத்தில் எந்தப் பறவை உட்காரும்?

துரை ஒரு பெட்டியின் மேல் ஏறிப் பேசினார். முருகையா பெட்டியின் கீழே நின்று மொழிபெயர்த்தார். துரை சொன்னதில் பட்டாளம் ஓடவில்லை; 'புதிய நிலைகளுக்கு முன்னேறியது.' அந்த நிலைகள் சிங்கப்பூர் வரைக்கும் இருந்ததை அவர் சொல்லவில்லை. கடைசியாகக் குரலைத் தழைத்துக்கொண்டு ஒன்று சொன்னார். முருகையா தொண்டையைச் செருமினார். அவர் அன்றைக்குச் சின்னக் கிராணி. பத்து வருஷத்துக்கு முன் குழி வெட்ட லாரியில் ஆளேற்றிய காலையில் பக்கத்தில் நின்றவர். செருமியபின் மொழிபெயர்த்தார்:

"நமது மாண்புமிகு துரையவர்கள் பெருமிதத்தோடு கூறுவதாவது: என் பொறுப்பில் இருந்த ஒவ்வொரு கூலியையும் முதல் குண்டு வெடிப்பதற்கு முன்பே பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். ஒருவரைக்கூட நான் இழக்கவில்லை."

யாரும் அசையவில்லை.

"கை தட்டுங்க," என்றார் முருகையா, தணிந்த குரலில்.

தட்டினார்கள்.

சாப்பாடு ஜித்ரா பாசார் நாகூர் மீரானின் கடையிலிருந்து வந்தது. போலீஸ் அனுமதியோடு, போலீஸ் கண்முன், வாழையிலைப் பொட்டலமாக. நாகூர் மீரான் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே முருகையாவின் பக்கம் சாய்ந்தார்.

"பிரசங்கம் ஜோரா இருந்திச்சு கிராணியாரே. அன்னைக்கு ஒங்க தொர எங் கட வாசல்லதான் போனாரு. நான் கோப்பி வேணுமான்னு கூடக் கேட்டேன்."

"குடிச்சாரா?"

"எங்க லா! நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள தெக்க அலோர் ஸ்டார் போயிட்டாரு."

முருகையா சிரிக்கப் போய், போலீஸ்காரன் பார்க்கிறான் என்று இருமலாக மாற்றிக்கொண்டார். "குழி வெட்டுனவனுங்களப் பாத்தீங்களா பாய்?" என்று மெதுவாகக் கேட்டார். நாகூர் மீரான் அடுத்த பொட்டலத்தை எடுத்தார். "நான் கோப்பிக்கட வச்சிருக்கேன் கிராணியாரே. லைசென்சு வருஷா வருஷம் புதுப்பிக்கணும். எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்."

எல்லோரும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மருதம்மாள் எழுந்தாள். ஒதுங்கப் போகிறாள் என்று நினைத்து, பெண்கள் பக்கம் நின்ற போலீஸ்காரன் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கயிற்றுக்குக் கீழே குனிந்து, லாலாங் புல்லுக்குள் நடந்து, ஒரு பள்ளத்தின் கரையில் உட்கார்ந்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். சோற்றைக் குவித்து, கறித்துண்டை மேலே வைத்தாள். வெற்றிலையும் புகையிலையும் பக்கத்தில். கூடவே எடுத்துவந்த தண்ணீரைச் சுற்றித் தெளித்தாள். "வந்து தின்னுட்டுப் போய்யா," என்றாள். "ராசாத்திக்குக் கல்யாணம்."

செத்தவனுக்குச் சோறு வைத்தவர்கள் அந்த இடத்தில் நிற்கக் கூடாது. போகும்போது திரும்பிப் பார்க்கவும் கூடாது. நின்றால் அவன் வரமாட்டான். திரும்பிப் பார்த்தால் கூடவே வந்துவிடுவான். மருதம்மாள் முறை தவறாமல் எழுந்து, முகத்தை நேரே வைத்துக்கொண்டு, விறுவிறுவென்று நடந்து வந்தாள்.

கவசவண்டியின் மேல் இருந்தவன் தூரக்கண்ணாடியில் கண்டது வேறு. ஒரு பெண் காட்டோரம் போய்ச் சோறு வைக்கிறாள். புதரைப் பார்த்து ஏதோ பேசுகிறாள். திரும்பியே பார்க்காமல் வருகிறாள். அவன் விசில் ஊதினான்.

அதன்பின் கொஞ்ச நேரம் எல்லோரும் தரையில் குப்புறப் படுத்திருந்தார்கள். போலீஸ்காரர்கள் புதரைச் சுற்றி வளைத்து, எவனும் அகப்படாமல், இலையை மட்டும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்கள். குண்டைத் தூக்கி வருபவர்கள் அப்படித்தான் வருவார்கள்.

காவலுக்குப் பொறுப்பாக வந்திருந்த போலீஸ் துரை இளைஞர். உள்ளூர் வழக்கங்களைப் பற்றி அவருக்கு வகுப்பு எடுத்திருந்தார்கள். முருகையாவைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்.

"இது யாருக்கு?"

"எம் புருஷனுக்குங்க. செத்துப்போனாரு. குழி வெட்ட வந்து இங்கதான் செத்தாரு," என்றாள் மருதம்மாள். முருகையா மொழிபெயர்த்தார்.

போலீஸ் துரை அவள் கழுத்தையே பார்த்தார். "புருஷன் செத்தவள் தாலி அணிவதில்லை. இவள் அணிந்திருக்கிறாள். பொட்டும் வைத்திருக்கிறாள்." வகுப்பில் தாலி வரைக்கும் நடத்தியிருந்தார்கள், படையல் வருவதற்குள் மணியடித்திருக்க வேண்டும்.

"இன்னிக்குத்தாங்க கழட்டலாம்னு இருந்தேன்."

"பத்து வருஷத்துக்கு முன் செத்தவனுக்கு இன்றைக்கா?"

"செத்தாருன்னு யாரும் சொல்லலீங்களே! நீங்களாச்சும் சொல்லுங்க, இப்பவே கழட்டிப்புடுறேன்."

முருகையா இதை மொழிபெயர்த்தபோது குரல் மூக்கிலிருந்து வரவில்லை. போலீஸ் துரை யோசித்தார். கெட்டவர் அல்லர், சந்தேகம் தீர வழி இருந்தால் தீர்த்துக்கொள்ள விரும்பினார். "எளிதாக முடிக்கலாம்," என்றார். "இங்கே கூலிகள் செத்தது உண்மையென்றால் இது பூசைச் சோறு. விட்டுவிடுகிறேன். மிஸ்டர் ஹார்கிரீவ்ஸ், அப்போது அவர்கள் உங்கள் பொறுப்பில்தானே இருந்தார்கள்?"

ஹார்கிரீவ்ஸ் துரை பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் முகம் சிவந்தது. பள்ளங்களின் பக்கம் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒரு நொடி, அந்த வாயிலிருந்து ஒரு மனிதன் வெளியே வந்துவிடுவான் போலிருந்தது. அதற்குள் அவருடைய கண், தன்னையே பார்த்துக்கொண்டிருந்த லாரி அளவு விசுவாசிகளின் மேல் விழுந்தது.

"நான் சற்று முன் சொன்னதுதான். என் ஆட்கள் எல்லோரும் வீடு திரும்பினார்கள்."

"சார்," என்றார் முருகையா. தன் பணிக்காலத்தில் துரை கேட்காமல் அவர் பேசியது அது ஒரு தடவைதான். "ஒருவேளை, சார், அந்தக் குழப்பத்தில் ஒன்றிரண்டு பேர்..."

"முருகையா, என் பேச்சை நீர்தானே மொழிபெயர்த்தீர்? தப்பாக மொழிபெயர்த்துவிட்டீரா?"

மரத்தடியில் ஒரு துப்பாக்கி கிளிக்கென்றது.

"இல்லை சார். சரியாகத்தான் மொழிபெயர்த்தேன்."

போலீஸ் துரைக்குக் கணக்கு நேராகிவிட்டது. இங்கே யாரும் சாகவில்லை. ஆகவே இவள் புருஷன் சாகவில்லை. அதனால்தான் தாலி இருக்கிறது. சாகாதவன் வீட்டிலும் இல்லை. அப்படியென்றால் காட்டில் இருக்கிறான். சோறு அவனுக்கு. அவள் தன் வாயாலேயே புருஷனுக்கு என்று சொன்னாள்.

முருகையா இதை அவளுக்கு மொழிபெயர்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். மீதி அவளுக்கே புரிந்தது.

மருதம்மாள் தாலிக்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பத்து வருஷம் மஞ்சள் ஏறிய கயிறு உடனே அறவில்லை. கழுத்தில் சிவப்பாகக் கோடு விழுந்தது. அறுத்து, போலீஸ்காரன் ஏந்தியிருந்த சோற்றின் மேல் போட்டாள். புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள்.

"இப்பப் போதுமா? செத்துட்டாரு. நான் சொல்றேன், செத்துட்டாரு!"

"சாட்சியத்தை அழிக்கப் பார்த்தாள் என்று குறித்துக்கொள்ளுங்கள்," என்றார் போலீஸ் துரை.

அழகம்மா ஓவென்று குரலெடுத்தாள். இராசாத்தி ஜீப் வரைக்கும் ஓடினாள். இரண்டு போலீஸ்காரர்கள் கையைக் கோத்து மறித்தார்கள். ஜீப்பின் பின்னால் உட்கார்ந்திருந்த மருதம்மாள் மகளைப் பார்க்கவில்லை. முகத்தை நேரே வைத்துக்கொண்டிருந்தாள். சோறு வைத்த முறை இன்னும் முடியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ. ஜீப் அலோர் ஸ்டார் பக்கம் திரும்பி மறைந்தது.

சாக்கு ஓட்டத்தை ரத்துச் செய்தால் பயங்கரவாதிகளுக்கு வெற்றி என்று ஆகிவிடும் என்று ஹார்கிரீவ்ஸ் துரை கருதினார். ஓடினார்கள். யார் முந்தியது என்று யாரும் பார்க்கவில்லை. பரிசாக ஒரு துண்டு கொடுத்தார்கள்.

திரும்பும் லாரியில் தோட்டத்துக் கான்ஸ்டபிள் பின்பலகையில் உட்கார்ந்து, துப்பாக்கியை முழங்கால்மேல் வைத்திருந்தான். முருகையா டிரைவர் பக்கத்தில் உட்காராமல் பின்னால் வந்து ஏறியிருந்தார்; ஏன் என்று அவருக்கே தெரியாது. ரொம்ப நேரம் கழித்து இராசாத்தியிடம் சொன்னார்: "ரெண்டு நாள்ல விசாரிச்சு விட்டுருவாங்க பாப்பா. நான் மனு எழுதுறேன்."

"என்னான்னு எழுதுவீங்க?"

அவர் யோசித்தார். உண்மையை எழுதினால் துரை பொய்யராவார். துரை சொன்னதை எழுதினால் அவளைக் கப்பலேற்ற இன்னொரு கையெழுத்து ஆகும்.

"கிராணியாரே," என்றாள் இராசாத்தி. அழுத குரலாக இல்லை. லாரி முழுக்கக் கேட்டது. "எங்கப்பா உசுரோட இருக்காருன்னு தொர சொல்லிட்டாரு. போலீசும் எழுதிக்கிச்சு. எந்தக் காட்டுல இருக்காருன்னும் கேட்டுச் சொல்லுங்க. எங்கம்மாவப் பிடிச்சிட்டாங்கன்னு அவருகிட்ட நான் போயி சொல்லணும்."

பின்பலகையில் இருந்த கான்ஸ்டபிள் மெல்லத் தலையைத் திருப்பி, அவள் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டான்.