மனப்பாடத் தகப்பன்

உஸ்பெகிஸ்தானில், நமங்கானில் எங்கள் பயிற்சி மையத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே தகப்பன். ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து செத்தவர். ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் 'நீ மதிக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்' என்று கேட்டால் ஒப்பிப்பதற்காக நான் எழுதிக்கொடுத்தவர். சாவு வரும் இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று தாளின் ஓரத்தில் குறித்திருந்தேன்.

பிப்ரவரியில் என் மாணவி குல்ருஹின் தகப்பன் மாஸ்கோவில் நிஜமாகவே சாரத்திலிருந்து விழுந்தார். எங்கள் ஊருக்கு அது புதிய சாவு அல்ல. துத்தநாகப் பெட்டியில் வந்தார், திறக்க விடவில்லை.

அந்தத் தேர்வில் ஒன்பதுக்கு ஏழு மதிப்பெண் எடுத்தால் அவளுக்குத் தாஷ்கந்தில் அரசுச் செலவில் படிப்பு. இல்லையென்றால் இலையுதிர் காலத்தில் பெரியப்பா பார்த்துவைத்த மாப்பிள்ளை. ஏப்ரல் தேர்வில் பேச்சுப் பகுதி அவளைக் கீழே இழுத்துவிட்டது. மொத்தம் ஆறுதான்.

"என்னம்மா ஆச்சு?"

"உங்க தாளத் தொடவே இல்ல உஸ்தாத். எங்கப்பாவப் பத்தித்தான் சொன்னேன். விழுந்தாருன்னதும் கேள்வி கேட்ட அந்தம்மா பேனாவக் கீழ வச்சுட்டாங்க. மனப்பாடம் பண்ணினது வேணாம்னாங்க."

"நிஜம்னு சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன். அழுகையும் வந்துருச்சு. அதத்தான் நீங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திருக்கீங்களே."

"அவளுக்கு முன்னாடி நாந்தான் உள்ள போனேன்," என்றான் பக்கத்தில் இருந்த தில்முரோத். "நானும் அழுதேன். எங்கப்பா வாசல்ல சமோசா தின்னுட்டு நின்னாரு."

ஜூனில் இன்னொரு தேர்வு இருந்தது, அதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

அடுத்த வாரம் குல்ருஹ் கேட்டாள்: "உங்கப்பா என்ன பண்றாரு உஸ்தாத்?"

"சந்தையில முலாம்பழம் விக்கிறாரு. ஏன்?"

"ஜூன் வரைக்கும் அவரக் குடுங்க. உயிரோட இருக்கிறவர நம்புவாங்க."

கொடுத்தேன். அவர் தொப்பியைக் கண் வரை இறக்கிப் போடுவதை, பழத்தைக் காதருகே வைத்துத் தட்டுவதை, பார்த்துக்கொண்டே நிற்பவர்களை 'வாங்குறியா, இல்ல பொண்ணு பாக்க வந்தியா?' என்று விரட்டுவதை எல்லாம் சொன்னேன். குறித்துக்கொண்டாள். மூன்று வாரம் என் தகப்பனைத் தன் தகப்பனாகச் சொல்லிப் பழகினாள். ஒரு முறைகூடக் குரல் உடையவில்லை.

ஏழு வந்தது. பெரியப்பா மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டாமென்று சொல்லி அனுப்பினார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் அப்பா சந்தையிலிருந்து வந்து தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"ஒரு பொண்ணு வந்துச்சுடா. கையில பெட்டி, ஊருக்குப் போற மாதிரி. பழத்தத் தொடல, வெல கேக்கல. என்னையே பாத்துட்டு நின்னுச்சு. வழக்கம்போல ஒரு அதட்டுப் போட்டேன். அவ்ளோதான். அங்கயே தரையில உக்காந்து, அடிவயித்துலேருந்து ஓன்னு அழ ஆரம்பிச்சிருச்சு. சந்தையே திரும்பிப் பாக்குது. நான் அப்படி ஒண்ணும் சொல்லிடலையேடா?"

"இல்லப்பா," என்றேன்.