கண்ணாடிக்குள் ஒரு சந்தனப் பொட்டு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் இருந்த மிளகுக் கம்பெனியில் அம்பிளிக்குப் போன் எடுக்கிற வேலை. பி.காம் படித்தவள். கணக்குப் பிரிவில் ஒரு நாற்காலி காலியானதும் நேராக மேனேஜர் பிஜுவிடம் போய்க் கேட்டாள். மாநகராட்சிக் குப்பை வண்டியோடு போகிற ரங்கசாமியின் மகளா இதைக் கேட்பது என்பதுபோல் அவர் ஏற இறங்கப் பார்த்தார். படித்தால் மரியாதை தானாக வரும் என்று சொன்ன ஆளை அம்பிளி இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த நாற்காலிக்கான கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் போய்ச் செத்துக் கிடந்தது. திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ரகம் என்பதால் மெக்கானிக்கே கை வைக்கப் பயந்தான்.

"திங்கட்கிழமை இது ஓடட்டும், கசேரை நினக்கு" என்று காலி நாற்காலியைக் காட்டினார் பிஜு, ஆபீஸே கேட்கும்படி. ஆபீஸே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல், டிஸ்க்குக்கான செலவு கம்பெனியுடையது என்று அங்கேயே ஒத்துக்கொள்ள வைத்து, பெட்டியை ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

முன்பக்கக் கண்ணாடி காந்தத்தில்தான் நிற்கிறது, உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பரால் இழுத்தால் வந்துவிடும் என்று நெட் சென்டரில் படித்திருந்தாள். அம்மா ஓமனா குளியலறையில் துண்டு மாட்டும் ரப்பர் கொக்கிகளை அம்பிளி பிடுங்கி வந்து கண்ணாடியில் ஒட்டி இழுத்தாள். வந்துவிட்டது. உள்ளே காற்றுக்கு வழியே இல்லை, ஜன்னல் இல்லாத அடுப்படிதான். பழைய டிஸ்க் வெந்தே செத்திருக்கும்.

அந்த டிஸ்க்கோடு பிராட்வே கடைத்தெருவுக்குப் போனாள். கடைக்காரர் முகமது இஸ்மாயில் இரண்டு புது டிஸ்க்கை எடுத்து வைத்து, வேகமாகச் சுற்றுவதுதான் நல்லது, மற்றது நத்தை என்றார். இரண்டையும் ஓட்டிக் காட்டச் சொன்னாள்.

"மோளே, இதென்ன ஹார்ட் டிஸ்க்கா, அயிலை மீனா?"

"அயிலைன்னா செவுளைத் தூக்கிப் பார்த்திருவேன் இக்கா. இதுக்குச் செவுள் இல்லையே. ஓட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். சாயா வரவழைத்துக் குடித்துவிட்டு, இரண்டின் மேலும் உள்ளங்கையை வைத்தாள். வேகமானது தோசைக்கல். நத்தையோ அப்போதுதான் இட்ட முட்டையின் சூட்டில் இருந்தது. கணக்கு எழுதுகிற மிஷின் எங்கே ஓடிப் போகப்போகிறது என்று நத்தையையே கட்டித் தரச் சொன்னாள். இஸ்மாயிலும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். அடுத்து வந்தவரிடம், எதற்கும் தொட்டுப் பார்த்து எடுங்கள் என்றார்.

வீட்டில் டிஸ்க்கைப் பொருத்தி, ஒரு திருகாணியைத் தேடிக் குனிந்த நேரத்தில் அப்பா ரங்கசாமி டிஸ்க்கின் மேல் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார். தன் மண்வெட்டிக்கே பொட்டு வைக்காமல் வேலைக்கு எடுத்துப் போகாத மனிதர். அம்பிளி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கோழி கலைந்து ஓடியது. அவரும் பதறி, கழற்றிச் சுவரில் சாய்த்திருந்த திரைக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கண்ணாடியை மூடி, ஞாயிறு முழுக்க சி.டி. போட்டு எல்லாவற்றையும் ஏற்றினாள். ஓடியது. அப்போதுதான் திரையின் வலது கீழ் மூலையில் சந்தன விரல்தடம் ஒன்று தெரிந்தது. துடைத்தாள். போகவில்லை. உள்பக்கம். ஓமனா அதற்குள் கொக்கிகளைத் திருப்பி ஒட்டி, ஈரத் துண்டையும் மாட்டியிருந்தாள்.

திங்கட்கிழமை பிஜு கம்ப்யூட்டரைப் போட்டார், நிறுத்தினார், மறுபடி போட்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல வேலை செய்தாய், இருந்தாலும் கணக்குக்கு என் மச்சினன் ஜிதின் உட்காரட்டும், போனுக்கு ஆள் வேண்டுமே என்றார். பக்கத்திலேயே ஜிதின் புதுச் சட்டையில் நின்றிருந்தான்.

பேசிக்கொண்டே கர்சீப்பால் திரையின் மூலையைத் தேய்த்தார். கூட்டுத்தொகை வருகிற இடம். அழுத்தித் தேய்த்தார்.

"அது உள்ளே இருக்கு சார். கண்ணாடியைக் கழட்டணும்."

"அப்போ கழட்டு."

"கணக்கு சீட்ல இருக்கிற ஆள் கழட்டும் சார். போன் எடுக்கிற ஆளுக்கு எதுக்கு அந்த வேலை?"

ஜிதின் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தான். திருகாணி ஒன்றுகூட வெளியில் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சிரித்த ஆபீஸ் இப்போதும் சிரித்தது, இந்த முறை பிஜுவைப் பார்த்து. அவர் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அம்பிளி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அடித்து அடித்து ஓயப்போகும்போது ஜிதின்தான் போய் எடுத்தான்.

அந்தச் சந்தனப் பொட்டை அவள் துடைக்கவில்லை. கொக்கியில் தொங்குகிற ஓமனாவின் துண்டு முதலில் காயட்டும் என்றாள்.