நான்காவது நிமிடம்

"இது பறக்கவில்லை, குதித்தது. நீக்கிவிடலாம்."

இணையக் கலைக்களஞ்சியத்தில் நான் எழுதிய கட்டுரைக்குக் கீழே, முகம் தெரியாத ஒருவர் அப்படிப் போட்டிருந்தார். எங்கள் ஊர் ஆல்வின் நிட்ச்கே தன் தகரக் கொட்டகையில் செய்த விமானத்தைப் பற்றிய கட்டுரை அது. 1987இல், பழைய கார் இன்ஜினோடு, மூன்று நிமிடம் பறந்தது என்று எழுதியிருந்தேன். ஆல்வின் சொன்ன கணக்கு. செய்தவரே சொன்னால் சாட்சி ஆகாது என்பது அங்கே விதி. ஊர்ப் பத்திரிகையில் ஒரு வரிகூட இல்லை. வெளியார் எழுதி அச்சில் வந்த ஆதாரத்தை ஏழு நாளுக்குள் காட்ட வேண்டும்.

விமானம் இன்றும் அந்தக் கொட்டகையில்தான் தொங்குகிறது. கோதுமைக் கிடங்கின் ஆய்வகத்தில் தானியத்தின் ஈரம் அளப்பது என் வேலை. ஒரு விடுமுறையில் அந்த விமானத்தின் இறக்கை வளைவை அளந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், கண்ணால் பார்த்தே வளைத்தது. அந்த வளைவு காற்றில் நிற்கும் என்றே விடை வந்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆட்களிடம் போய்க் கேட்பதுதான் எனக்கு வராது. இறுதி ஆட்டத்தன்று பறந்ததாக ஆல்வின் சொல்லியிருந்ததால், நான்காம் நாள் எப்படியோ டாட் ஹென்ஷ்கேயின் கதவைத் தட்டினேன். அணிக்குப் பதினெட்டுப் பேர் ஆடும் எங்கள் நாட்டுக் கால்பந்தில், ஊர்க் கழகத்துக்கு நாற்பது வருடம் கடிகாரம் பார்த்த பெண்மணி. ஆட்டம் நின்ற நேரத்தைக் குறித்து, கடைசியில் கூட்டிக் கொடுப்பது அவர் பொறுப்பு.

"அந்தத் தகர டப்பாவா?" என்றார் டாட். "அதனால இந்த ஊர்ல பாதிப் பேரு பத்து வருஷம் என் மூஞ்சிலயே முழிக்கல, தெரியுமா?"

அந்த வருட நோட்டை எடுத்து வந்தார். இறுதி ஆட்டம், கடைசிப் பகுதி. 'நிறுத்தம்: 4 நிமிடம் 5 வினாடி. காரணம்: நிட்ச்கே.'

"பக்கத்து வயல்லேர்ந்து கிளம்பினான். முப்பத்தாறு பேரும் அப்படியே நின்னுட்டாங்க. அம்பயர் பந்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு வானத்தையே பாக்கறான். மரத்துக்குப் பின்னால அவன் மறையற வரைக்கும் ஆட்டம் மறுபடி ஆரம்பிக்கல. நான் ஒருத்திதான் மேல பாக்கல. கடிகாரத்தை யாரு பாக்கறது? என்ன பாடுபட்டேன்னு எனக்குத்தான் தெரியும்."

"அப்புறம்?"

"நின்ன நேரத்தைக் கூட்டினேன். அந்த நாலு நிமிஷத்துலதான் எதிர் அணி, பெல்கூராக்காரன், கோல் போட்டு ஜெயிச்சான். நம்ம பத்திரிகைக்காரன் எப்படிம்மா எழுதுவான்? ஜெயிச்சவன் பத்திரிகையப் போய்ப் பாரு, ஹெட்டி. சந்தோஷத்துல ஆடியிருப்பான்."

ஆடித்தான் இருந்தார்கள். பெல்கூரா நூலகத்தில் மஞ்சளேறிய தாள்: 'வானத்திலிருந்து வந்த உதவி.' நிட்ச்கே பெயர், பறக்கும் இயந்திரம், நான்கு நிமிடம், எல்லாம் இருந்தது. படமெடுத்து, கட்டுரையின் கீழே போட்டேன்.

மறுநாள் அதே முகம் தெரியாதவர் எழுதியிருந்தார்: "நான்கு நிமிடம் யாரும் குதிக்க முடியாது. கட்டுரை இருக்கட்டும்."

ஓடிப்போய் ஆல்வினிடம் சொன்னேன். கொட்டகையில், தொங்கும் விமானத்துக்குக் கீழே, காற்றாலைப் பம்பு ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாலா? போம்மா. மூணுதான். மூணாவது நிமிஷத்துல இன்ஜின் நின்னுபோச்சே."

"நின்னப்புறம் என்ன பண்ணீங்க?"

"என்னத்தப் பண்றது? கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். தொறந்தா பச்சைக் கோதுமைக்கு நடுவுல உக்காந்திருக்கேன். விழுந்தது அவ்வளவு மெத்துனு இருந்துச்சேன்னு நெனச்சுக்கிட்டேன்."

டாட்டின் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தேன்; அதைக் காட்டினேன். "நீங்க விழவே இல்ல. மிச்சம் ஒரு நிமிஷம் அஞ்சு செகண்டு, இன்ஜின் இல்லாம அதுவாவே பறந்திருக்கு."

"டாட் எழுதினதா?"

"ஆமா."

"அவ பெத்த பிள்ளைக்கே ஒரு செகண்டு கூட்டிப் போடமாட்டா."

எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். மாலை வெயில் தகர ஓட்டைகள் வழியாக அந்த இறக்கையில் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது.

"அப்ப," என்றார் ஆல்வின் மெதுவாக, "நான் கண்ணைத் தொறந்திருக்கலாம்."