சுவர் இல்லாத வீட்டில் ஒரு டெலிபோன்

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, பெரிய மகன், மருமகள், அவளுடைய தகப்பனாரான சம்பந்தி, பேத்தி. என் தம்பி இல்லை. அவன் எங்கள் வாசலை மிதித்து ஏழு வருடம் ஆகிறது.

சின்ன மகன் கல்யாணத்தில் போட்டோவுக்கு நின்றபோது, "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பின்னாடி இருக்கிறவங்கள மறைக்கிறீங்க" என்று இதே சம்பந்தி காதுபடத் தம்பி சொன்னான். தள்ளி நின்றேன். அன்றிலிருந்து தள்ளியே நிற்கிறேன். எங்கள் குடும்பத்தில் மூத்தவன் முதலில் பேசுவதில்லை. என் அப்பா தன் தம்பியிடம் கடைசிவரை பேசவில்லை. சித்தப்பா இறந்த வீட்டுக்குப் போனார். அங்கும் ஒரு வார்த்தை பேசாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அந்த மரியாதை என் காலத்தில் கெட்டது என்று இருக்கக் கூடாது.

பேத்தி கல்லூரியில் சினிமா படிக்கிறாள். அணுகுண்டுப் போரைப் பற்றிய பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை வீட்டாருக்குப் போட்டுக் காட்டி, யார் என்ன சொன்னார்கள் என்று வகுப்பில் சொல்ல வேண்டுமாம். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். எதற்கும் கலங்குகிற ஆள் இல்லை என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

படத்தில் பாட்டு இல்லை. குண்டு விழுந்து, வெளிச்சம் வந்த பிறகும் சத்தம் வர நேரமாகிறது. அதுவரை ஒரு பெண் பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். என் மகன் வாயில் போட்ட பிஸ்கட்டை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. மருமகள் எழுந்து போய் வாளிகளில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தாள்.

"எதுக்கும்மா?"

"சும்மாதான் மாமா. இருக்கட்டும்."

பஸ் டிப்போ மேனேஜராக இருந்த சம்பந்தி மட்டும் அசையவில்லை. "எல்லாம் அட்டை வீடு, சம்பந்தி. பெயின்ட் தெரியுது பாருங்க" என்றார். சொன்ன கையோடு ஜன்னலைச் சாத்தச் சொன்னார். கொசு வருகிறதாம்.

"ஏங்க, ஆரம்பத்துல ஒரு நாய் வந்துச்சே, அது என்னாச்சு?" என்றாள் என் மனைவி.

"ஊரே போச்சு பாட்டி."

"ஊர் போனது எனக்கும் தெரியுது. நாய் என்னாச்சு?"

படத்தில் ரேடியோவில் அரசாங்க உத்தரவு வாசித்தார்கள்: யாரும் டெலிபோனைத் தொட வேண்டாம். "நல்ல உத்தரவு" என்றேன்.

பிறகு என் வயதுள்ள ஒருவர், முகமெல்லாம் சாம்பலோடு, நம்பரைச் சுழற்றுகிறார். வேறோர் ஊரில், சுவர் இல்லாத வீட்டில், மேஜைமேல் டெலிபோன் அடிக்கிறது. எடுக்க ஆள் இல்லை. அவர் வைத்துவிட்டு மறுபடி சுழற்றுகிறார்.

"யாருக்குப் போடறாரு?" என்றாள் என் மனைவி.

"தம்பிக்கு, பாட்டி."

"இது தப்பு" என்றேன். "எக்ஸ்சேஞ்ச் போயிட்டா மணி அடிக்காது. படம் எடுத்தவனுக்கு விஷயம் தெரியல."

"மணியே அடிக்காது" என்று இன்னொரு முறை சொன்னேன்.

பேத்தி திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வாளி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது. எழுந்து போய்க் குழாயை மூடினேன். படம் முடியும்வரை அங்கேயே நின்றேன். குழாய் சொட்டுகிறதா என்று யாராவது பார்க்க வேண்டும் அல்லவா.

மறுநாள் காலை ஸ்க்ரூ டிரைவரை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். அழைப்பு மணியை அழுத்தினேன். மணி அடிப்பது பேச்சில் சேராது. கதவைத் திறந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

"வாங்கண்ணா" என்றான்.

அதற்குப் பிறகுதான் நான் பேசினேன். "லைன் சரியா இருக்கான்னு பாக்க வந்தேன்."

"அந்தப் போனை எடுத்து அஞ்சு வருஷமாச்சுண்ணா. இப்ப செல்லுதான்."

"இருக்கட்டும். கம்பி வந்த இடத்தைக் காட்டு."

காட்டினான். சுவரில் ஒரு துளை. இரண்டு பேரும் அதை வெகுநேரம் பார்த்தோம்.

"உக்காருங்கண்ணா."

"எங்க உக்காரட்டும்? யாரையும் மறைக்கக் கூடாதே."

"எங்க வேணா உக்காருங்க. இங்க மறைக்கிறதுக்கு யாரு இருக்கா, நான் ஒருத்தன்தான்."

நடு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

படத்தைப் பார்த்துப் பயந்துபோய், அன்று ராத்திரியே நான் தம்பிக்குப் போன் போட்டு அழுததாகச் சம்பந்தி போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறார். நான் போன் போடவில்லை. நேரில் போனேன். முதலில் பேசியது அவன்.